பைரிமெத்தமினும் 108-ஆம் இடமும்: ஓர் அமினோ அமிலம் மாறினால் மருந்து ஏன் தோற்கிறது?

நொதிமாணவி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டுத் திட்டப்பணிக்காக, மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தின் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் நொதியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மனித உயிரணுவில் இந்த நொதியும் தைமிடிலேட் சின்தேஸும் தனித்தனிப் புரதங்களாக இருக்க, ஒட்டுண்ணியில் இரண்டும் 608 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலியில் சேர்ந்திருக்கின்றன என்பதையும், ஒட்டுண்ணியால் டிஎன்ஏ-வுக்கு வேண்டிய கட்டுமானப் பொருளான தைமிடினை வெளியிலிருந்து எடுத்துப் பயன்படுத்த இயலாததால் இந்த நொதி நின்றால் டிஎன்ஏ ஆக்கமே நின்றுவிடும் என்பதையும் படித்துத் தெரிந்துகொண்டேன். என் ஐயம் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

இந்த நொதியைத் தடுக்கும் மலேரியா மருந்தான பைரிமெத்தமினுக்கு எதிர்ப்புப் பெற்ற ஒட்டுண்ணிகளில் 108-ஆம் இடத்திலுள்ள செரின் அஸ்பராஜினாக மாறியிருக்கிறது. இரண்டும் மின்சுமையற்ற, நீரை விரும்பும் அமினோ அமிலங்கள்தாம். அளவிலும் பெரிய வேறுபாடு இல்லை. அப்படியிருக்க, அந்தச் சிறு மாற்றம் மருந்தின் பிணைப்பைக் குலைத்துவிட்டு, இயல்பான வினைப்பொருளான டைஹைட்ரோஃபோலேட்டை மட்டும் எப்படி உள்ளே விடுகிறது? 51, 59 ஆகிய இடங்களிலுள்ள மாற்றங்கள் மருந்தைத் தொடுவதே இல்லை என்று படித்தேன். அவற்றுக்கு என்ன வேலை?

இன்னொன்றும் கேட்க வேண்டும். மூலிகைச் சேர்மங்கள் முப்பதைக் கணினியில் இந்த நொதியுடன் டாக்கிங் (நொதியின் குழியில் எப்படிப் பொருந்தும் என்ற கணிப்பு) செய்து பார்த்ததில், நான்கு சேர்மங்கள் பைரிமெத்தமினைவிட நல்ல மதிப்பெண் பெற்றன. அவற்றைத் "தடுப்பான்கள்" என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை என்பதால் இங்கே கேட்கிறேன்.

படிகவியல் எழுதியது:

வணக்கம். உங்கள் ஐயம் சரியான இடத்தில் எழுந்திருக்கிறது. படிக அமைப்பைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். சொற்களால் மட்டும் விளக்கினால் பாதிதான் பிடிபடும்.

இந்த இரட்டை நொதியின் முழு அமைப்பை 2003-இல் தாய்லாந்தைச் சேர்ந்த யொங்யூத் யுத்தவொங்கின் ஆய்வுக்குழு எக்ஸ் கதிர்ப் படிகவியல் வழியாக வெளியிட்டது. புரத அமைப்புகளின் தரவுத்தளமான புரத வங்கியில் 1ஜே3ஐ என்ற குறியீடு கொண்டது இயல்பு நொதி. 1ஜே3ஜே என்பது 59, 108 ஆகிய இரண்டு இடங்களில் மாறிய நொதியோடு பைரிமெத்தமின் சேர்ந்த நிலை. 1ஜே3கே என்பது 51, 59, 108, 164 ஆகிய நான்கு இடங்களிலும் மாறிய நொதி. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பாருங்கள்.

முதலில் மருந்து எங்கே பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்போம். பைரிமெத்தமினின் ஒரு முனையில் இரண்டு அமினோத் தொகுதிகள் கொண்ட பிரிமிடின் வளையம் இருக்கிறது. அந்த வளையத்தின் புரோட்டான் ஏற்ற நைட்ரஜனும் அதன் பக்கத்து அமினோத் தொகுதியும் 54-ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலத்தின் கார்பாக்சிலேட்டை இறுகப் பற்றிக்கொள்கின்றன. மற்றோர் அமினோத் தொகுதி 14, 164 ஆகிய இடங்களிலுள்ள ஐசோலியூசின்களின் முதன்மைச் சங்கிலி ஆக்சிஜன்களோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கிறது. இந்தப் பிடி எதிர்ப்புப் பெற்ற ஒட்டுண்ணியிலும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. 54-ஆம் இடம் மாறினால் நொதியின் வினையே கெட்டுவிடும் என்பதால் ஒட்டுண்ணி அங்கே கைவைக்க முடியாது.

சிக்கல் மறுமுனையில் இருக்கிறது. பிரிமிடின் வளையத்தோடு நேரடியாக ஒட்டியிருக்கும் ஃபீனைல் வளையத்தின் நுனியில் ஒரு குளோரின் அணு உண்டு. இரண்டு வளையங்களுக்கும் இடையே ஒற்றைப் பிணைப்பு மட்டுமே இருப்பதால் ஃபீனைல் வளையம் தன் அச்சில் திரும்பலாமே தவிர, வளைந்து வேறு திசைக்குப் போக வழியில்லை. இயல்பு நொதியில் 108-ஆம் இடத்துச் செரினின் சிறிய பக்கத்தொகுதி அந்தக் குளோரினுக்கு இடம் விட்டு நிற்கிறது. அஸ்பராஜின் வந்ததும், அதன் நீண்ட பக்கத்தொகுதி குளோரின் இருக்க வேண்டிய இடத்திலேயே வந்து முட்டுகிறது. நீங்கள் "அளவில் பெரிய வேறுபாடு இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். செரினில் முதன்மைச் சங்கிலிக்கு அப்பால் கார்பனும் ஆக்சிஜனுமாக இரண்டு கன அணுக்கள் (ஹைட்ரஜன் அல்லாதவை), அஸ்பராஜினில் நான்கு. விறைப்பான ஒரு மூலக்கூறு நெருக்கமான குழியில் அமர்ந்திருக்கும்போது இரண்டு அணுக்கள் கூடுதலாக வருவது சிறிய செய்தியன்று. மருந்து சற்றே ஒதுங்கி உட்கார வேண்டியதாகிறது. ஒதுங்கினால் மறுமுனையிலுள்ள பிடி தளர்கிறது.

டைஹைட்ரோஃபோலேட் தப்பிப்பதற்குக் காரணம், அது அந்தப் பக்கமே போவதில்லை என்பதுதான். அதன் ஒரு முனையிலுள்ள டெரின் வளையம் 54-ஆம் இடத்தைப் பற்றியபின், அமினோபென்சோயில் பகுதியும் குளுட்டமேட் வாலும் குழியின் வாயை நோக்கி நீண்டு, 122-ஆம் இடத்து ஆர்ஜினினோடு பிணைகின்றன. மருந்தின் குளோரின் நுனி, இயல்பான வினைப்பொருள் நிரப்பும் வெளிக்கு அப்பால் துருத்திக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் எதை வைத்தாலும் நொதியின் வேலை அவ்வளவாகக் கெடாது, மருந்து மட்டும் கெடும். உங்கள் திட்டப்பணியில் வேறெதை விட்டாலும் இந்தக் கருத்தை விடாதீர்கள்.

இதற்கு மறுபக்கச் சான்று ஒன்றும் உண்டு. புரோகுவானில் என்ற மலேரியா மருந்து கல்லீரலில் சைக்ளோகுவானிலாக மாறி இதே நொதியைத் தடுக்கிறது. அதற்கு எதிர்ப்புப் பெற்ற ஒட்டுண்ணிகளில் 16-ஆம் இடத்து அலனின் வாலினாகவும், 108-ஆம் இடத்துச் செரின் திரியோனினாகவும் மாறியிருந்தன. சைக்ளோகுவானிலின் வளையத்தில் ஒரே கார்பனில் இரண்டு மெத்தில் தொகுதிகள் உண்டு. அவற்றுள் ஒன்று வாலினோடு மோதுகிறது. பைரிமெத்தமினில் அந்த மெத்தில்கள் இல்லாததால், இந்த ஒட்டுண்ணிகளை அது தொடர்ந்து கொன்றது. எந்த மருந்தின் எந்த அணு எங்கே துருத்துகிறதோ, மாற்றமும் அங்கேயே வந்து நிற்கிறது.

51, 59 ஆகிய இடங்களைப் பற்றி: அவை மருந்தை நேரில் தொடுவதில்லை என்பது உண்மையே. அந்த மாற்றங்கள் அருகிலுள்ள முதன்மைச் சங்கிலியைச் சிறிது நகர்த்திக் குழியின் வடிவைத் தொலைவிலிருந்தே பாதிக்கின்றன. அவை தனியாக வந்தால் எதிர்ப்பு ஏதும் கிடைப்பதில்லை. 108 மாறிய பிறகு அதன்மேல் வந்து சேர்ந்தால்தான் பயன் தெரிகிறது. ஆகவேதான் களத்தில் முதலில் 108-உம் அதன்பின் மற்றவையும் என்ற வரிசை திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. 164-ஆம் இடத்து ஐசோலியூசின் லியூசினாவது கடைசிப் படி. நான்கும் சேர்ந்த நொதியில் பைரிமெத்தமினின் பிணைப்பு நூற்றுக்கணக்கான மடங்கு தளர்ந்துவிடுகிறது.

வினைவேகம் எழுதியது:

மேலே எழுதியவர் அமைப்பைப் பற்றிச் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். டாக்கிங் பற்றிய கேள்விக்கு, ஆய்வகத்தில் இந்த நொதியைப் பல ஆண்டுகள் அளந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. டாக்கிங் மதிப்பெண் என்பது ஒரு கணிப்பு. தடுப்பு என்பது ஓர் அளவீடு. அளக்காத ஒன்றைத் தடுப்பான் என்று எழுதக் கூடாது. "கணிப்பில் முன்னிலை பெற்ற சேர்மங்கள்" என்று எழுதுங்கள், அதுவே போதுமான மதிப்புடையது.

அதற்கு முன், உங்கள் கணிப்பே சரியாக அமைக்கப்பட்டதா என்று ஒருமுறை பாருங்கள். என்னிடம் வந்த மாணவர்கள் பலர் செய்த பிழை இது: படிகக் கோப்பிலிருந்து நீர் மூலக்கூறுகளை அகற்றும்போது, அதனோடு சேர்த்து துணைநொதியான என்ஏடிபிஹெச்-ஐயும் அழித்துவிடுவார்கள். பிறகு பெரிய மூலிகைச் சேர்மங்கள், குறிப்பாகச் சர்க்கரைத் தொகுதி கொண்ட ஃபிளேவனாய்டுகள், துணைநொதி காலி செய்த அந்த நீண்ட பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொண்டு மிக நல்ல மதிப்பெண் பெறும். உயிருள்ள ஒட்டுண்ணியில் அந்தப் பள்ளம் காலியாக இருப்பதில்லை. உங்கள் நான்கு சேர்மங்களும் எங்கே அமர்ந்திருக்கின்றன என்பதைக் கண்ணால் பாருங்கள். மதிப்பெண்ணில் மூலக்கூறின் பருமனுக்கே ஒரு பங்கு கிடைத்துவிடுகிறது என்பதையும், பைரிமெத்தமின் மிகச் சிறிய மூலக்கூறு என்பதையும் நினைவில் வையுங்கள். அதன் நைட்ரஜனில் புரோட்டானை ஏற்றாமல் கணக்கிட்டிருந்தால், 54-ஆம் இடத்தோடு அதற்குள்ள முதன்மைப் பிடியே கணக்கில் வந்திருக்காது. ஒப்பீட்டுக்கு வைத்த மருந்தையே நீங்கள் கை கட்டிப் போட்டியில் நிறுத்தியதாக ஆகிவிடும்.

அளவீட்டுக்கு வருகிறேன். இந்த வினையை 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் குறைவதைக் கொண்டு பின்தொடர்கிறோம். என்ஏடிபிஹெச் செலவாவதும் டைஹைட்ரோஃபோலேட் குறைவதும் சேர்ந்தே அந்த அலைநீளத்தில் தெரிவதால், கணக்குக்கு 12,300 என்ற மோலார் உறிஞ்சல் கெழுவை எடுத்துக்கொள்ள வேண்டும்; பழக்கத்தில் 6,220 என்று போட்டால் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகத் தெரியும். டைஹைட்ரோஃபோலேட்டுக்கு வெளிச்சமும் காற்றும் ஆகாது. மெர்காப்டோஎத்தனால் சேர்த்து, சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து, இருட்டில் உறையவைத்து, அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள். நொதியை விடுவதற்கு முன்பே கோடு சரிந்தால் உங்கள் கலவையில் ஏதோ கெட்டிருக்கிறது என்று பொருள். அன்றைய அளவுகளைத் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

மூலிகைச் சேர்மங்களுக்கென்றே இரண்டு கண்ணிகள் உள்ளன. ஃபிளேவனாய்டுகள் பல மஞ்சள் நிறமுடையவை. அவையே 340-ஐ ஒட்டிய பகுதியில் ஒளியை உறிஞ்சும். அவற்றுள் ஒன்றான குவெர்செட்டினைக் கூட்டக் கூட்ட அடிக்கோடு உயர்ந்து, கருவியின் அளவெல்லையைத் தொட்டு, வேகம் குறைந்ததுபோல ஒரு தோற்றம் வந்துவிடும். இரண்டாவதாக, நீரில் சரியாகக் கரையாத சேர்மங்கள் நுண்ணிய திரள்களாகச் சேர்ந்து, எந்த நொதி வந்தாலும் அதைத் தம் பரப்பில் ஒட்டவைத்துச் செயலிழக்கச் செய்யும். திரள்களைக் கலைக்கும் சோப்பு போன்ற டிரைட்டான் எக்ஸ்-100-ஐச் சிறிதளவு சேர்த்ததும் தடுப்பு மறைந்துவிட்டால், நீங்கள் பார்த்தது குழிக்குள் நடந்த தடுப்பு அன்று. மனித நொதியையும் பக்கத்தில் வைத்து அளக்காமல், ஒட்டுண்ணிக்கு மட்டும் என்று எதையும் சொல்ல முடியாது.

இன்னொரு நுட்பம்: பைரிமெத்தமின் இயல்பு நொதியோடு நானோமோலார் அளவிலேயே பிணைவதால், சோதனையில் நீங்கள் எடுக்கும் நொதியின் செறிவே மருந்தின் செறிவுக்கு நிகராகிவிடுகிறது. அந்த நிலையில் பாதித் தடுப்புக்கு வேண்டிய செறிவு, நொதியின் செறிவில் பாதிக்குக் கீழே இறங்காது. மருந்து எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் எண் அங்கேயே நின்றுவிடும். வழக்கமான நேர்கோட்டு வரைபடங்களை விட்டுவிட்டு, இப்படி இறுகப் பிணையும் தடுப்பான்களுக்கான மாரிசன் சமன்பாட்டைக் கொண்டு தடுப்பு மாறிலியைக் கணக்கிடுங்கள். இதைக் கவனிக்காமல் இயல்பு நொதியையும் மாறிய நொதியையும் ஒப்பிட்டால், எதிர்ப்பின் அளவு உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தோன்றும்.

காய்ச்சல்பிரிவு எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் மருந்தியல் பயின்ற மருத்துவர். நோயாளியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

பைரிமெத்தமின், ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் செய்த பிரிமிடின், பியூரின் ஆய்வுகளின் தொடர்ச்சியில் வந்தது; அவர்கள் இருவரும் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தனியாகக் கொடுக்கப்பட்ட இடங்களில் சில ஆண்டுகளிலேயே எதிர்ப்புத் தோன்றிவிட்டதால், ஃபோலேட் ஆக்கத்தின் முந்தைய படியைத் தடுக்கும் சல்ஃபடாக்சினோடு சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. அந்தச் சேர்க்கையையும் ஒட்டுண்ணி கடந்தது. ஆப்பிரிக்காவில் பரவிய, 51, 59, 108 ஆகிய மூன்றும் மாறிய மும்மாற்ற வடிவம் பெரும்பாலும் அங்கங்கே புதிதாகத் தோன்றியதன்று, தென்கிழக்காசியாவில் தோன்றிய மரபுவழி அங்கே போய்ச் சேர்ந்தது என்று 2004-இல் மரபணு ஒப்பீட்டின் மூலம் காட்டினார்கள். இந்தியாவிலும், சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் சேர்ந்த ஆர்ட்டிசுனேட் கூட்டு மருந்தை விட்டுவிட்டு, வடகிழக்கு மாநிலங்களுக்கு மட்டும் 2013-இல் ஆர்ட்டிமீத்தர்-லூமஃபான்ட்ரினுக்கு மாறினோம். நீங்கள் திரையில் பார்க்கும் அந்த அஸ்பராஜினுக்கும் இந்த முடிவுகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

ஆனால் மருந்து மனிதனைக் காத்து ஒட்டுண்ணியைக் கொல்வதற்குக் குழியின் வடிவ வேறுபாடு ஒன்றே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். மனித உயிரணுவில் இந்த நொதி தன் சொந்தத் தூது ஆர்என்ஏ-வோடு பிணைந்து தன் உற்பத்தியைத் தானே கட்டுப்படுத்துகிறது. தடுப்பான் வந்து நொதியைப் பற்றியதும் அந்தக் கட்டுப்பாடு விலகி, உயிரணு புதிய நொதியைச் செய்துகொள்கிறது. ஒட்டுண்ணியில் தடுப்பான் வந்தாலும் அந்தக் கட்டு விலகுவதில்லை என்று 2002-இல் பிரதீப் ராதோடின் குழு காட்டியது. மனித உயிரணுவுக்கு இழப்பை ஈடுகட்டத் தெரிகிறது, ஒட்டுண்ணிக்குத் தெரியவில்லை. டாக்சோபிளாஸ்மா என்ற வேறோர் ஒட்டுண்ணியால் வரும் நோய்க்குப் பைரிமெத்தமினை நாள்பட்டுக் கொடுக்கும்போது ஃபோலினிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்து எலும்பு மச்சையைக் காப்பாற்றுகிறோம் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். தடுக்கப்பட்ட படியைத் தாண்டி உள்ளே வரும் அந்த ஃபோலேட்டை நம் உயிரணுக்கள் எடுத்துக்கொள்கின்றன.

நொதிமாணவி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உடனே கோப்பைத் திறந்து பார்த்தேன். வினைவேகம் ஐயா சொன்னது அப்படியே நடந்திருக்கிறது: என்ஏடிபிஹெச்-ஐ நானும் அழித்திருக்கிறேன், நான்கில் மூன்று சேர்மங்கள் அந்தப் பள்ளத்தில்தான் கிடக்கின்றன. துணைநொதியைத் திரும்ப வைத்துக் கணக்கிட்டதும் அவை பட்டியலில் கீழே போய்விட்டன. ஒன்று மட்டும் 54-ஆம் இடத்தின் அருகே இருக்கிறது.

அந்த ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொரு கேள்வி. 108-ஆம் இடத்தைத் தாண்டி வேலை செய்யும் தடுப்பான்கள் உண்டென்றால், அவை எப்படி அமைந்திருக்கின்றன? இதைத் தெரிந்துகொண்டால் என் சேர்மத்தை எதனோடு ஒப்பிடுவது என்று முடிவு செய்ய முடியும்.

படிகவியல் எழுதியது:

பிழையை உடனே சரிபார்த்ததற்குப் பாராட்டுகள்.

இரண்டு மூலக்கூறுகளைப் பாருங்கள். முதலாவது டபிள்யூஆர்99210. இது 1ஜே3ஐ-யிலும் 1ஜே3கே-யிலும் உள்ளே இருக்கிறது. இதன் வளையத்துக்கும் மூன்று குளோரின் கொண்ட ஃபீனைலுக்கும் இடையே ஆக்சிஜன்களும் மூன்று கார்பன்களும் கொண்ட நெகிழ்வான இணைப்பு உண்டு. அந்த இணைப்பு வளைந்து கொடுப்பதால், ஃபீனைல் பகுதி அஸ்பராஜினோடு மோதாமல் ஒதுங்கிப் போய் அமர்கிறது. இயல்பு நொதியிலும் நான்கு மாற்றம் கொண்ட நொதியிலும் ஏறக்குறைய ஒரே நிலையில் அது இருப்பதைக் காண்பீர்கள். மனித நொதியின் மரபணுவை ஒட்டுண்ணிக்குள் செலுத்தினால் அந்த ஒட்டுண்ணி டபிள்யூஆர்99210-ஐத் தாங்கிக்கொள்கிறது. மருந்து தாக்குவது இந்த நொதியைத்தான் என்பதற்கும், மனித நொதியை அது அவ்வளவாகத் தொடுவதில்லை என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆய்வகங்களில் மரபணு செலுத்தப்பட்ட ஒட்டுண்ணிகளைப் பிரித்தெடுக்க இன்றும் இதையே பயன்படுத்துகிறோம். வாய்வழி கொடுத்தால் உடலில் சரியாகச் சேராததும் வயிற்றுக்கு ஒவ்வாததும் அதை மருந்தாகவிடாமல் தடுத்துவிட்டன.

இரண்டாவது பி218. யுத்தவொங்கின் குழு 2012-இல் இதை வெளியிட்டது. டபிள்யூஆர்99210-இன் நெகிழ்வை வைத்துக்கொண்டு, பிரிமிடின் வளையத்துக்குத் திரும்பி, மறுமுனையில் ஒரு கார்பாக்சிலேட்டைச் சேர்த்தார்கள். அந்தக் கார்பாக்சிலேட் பிடித்துக்கொள்வது 122-ஆம் இடத்து ஆர்ஜினினை. அதாவது டைஹைட்ரோஃபோலேட்டின் வால் எதைப் பிடிக்கிறதோ அதையே. வினைப்பொருள் நிரப்பும் வெளிக்குள்ளேயே மருந்தை அடக்கிவிட்டால், மருந்தைத் தள்ள முயலும் எந்த மாற்றமும் நொதியின் சொந்த வேலையையும் கெடுக்கும் என்பதே அதன் வடிவமைப்புக்குப் பின்னிருந்த சிந்தனை. மனிதர்களில் முதற்கட்டச் சோதனைகள் வரை அது சென்றிருக்கிறது.

ஆகவே உங்கள் சேர்மத்தை மதிப்பெண்ணில் பைரிமெத்தமினோடு ஒப்பிடுவதை விடுங்கள். 1ஜே3ஐ, 1ஜே3கே இரண்டிலும் என்ஏடிபிஹெச் உள்ளபடியே அதை அமர்த்தி, டைஹைட்ரோஃபோலேட் நிரப்பும் வெளியின்மேல் பொருத்திப் பாருங்கள். 54-ஐப் பிடிக்கிறதா, 108-இன் பக்கம் எந்த அணுவாவது துருத்துகிறதா, 122 வரை எட்டுகிறதா என்று குறித்துக்கொண்டு, அந்தப் படத்தோடு இங்கே வாருங்கள். அதற்கு முன், டபிள்யூஆர்99210-ஐ எடுத்துவிட்டு மீண்டும் அமர்த்தி, படிகத்திலுள்ள அதே நிலைக்கு உங்கள் மென்பொருள் அதைக் கொண்டுவருகிறதா என்று சோதியுங்கள். அது வராவிட்டால் மற்றவற்றைக் கணக்கிடுவதில் பொருளில்லை.